பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

எனக்கு ஆங்கிலம் தெரியாது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் மீசை முளைத்த காலத்திலிருந்து நான் கேட்டு வருவது ஒரு வெள்ளைக்காரப் பாடகரின் ஹெவி மெட்டல் பாட்டுகளைத்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை, நிலக்கடலைதான், ஏற்றிப் போகும் சின்ன யானை லோடு வண்டி ஓட்டுகிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பேன். மூட்டை தூக்குகிறவர்கள் பக்கத்தில் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அந்தப் பாடகர் என்னிடம் வந்து சேர்ந்ததே தற்செயல்தான். விழுப்புரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தபோது பக்கத்தில் கேசட் பதிந்து தரும் கடை இருந்தது. யாரோ ஒரு காலேஜ் பையன் பதியச் சொல்லிவிட்டு வாங்க வரவேயில்லை. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கத்தலை வேற எவன் வாங்குவான், நீ எடுத்துக்கினு போ. புடிக்கலன்னா மேலயே வேற பாட்டு பதிஞ்சி தர்றேன்" என்றார். பிடித்துப்போனது. நாளெல்லாம் இரும்பை இரும்பு அறுக்கும் சத்தத்தில் நின்றவனுக்கு அது கத்தலாகத் தோன்றவில்லை.

அதில் பி பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் எனக்கு உயிர். மெதுவாகத் தொடங்கும். அவர் குரல் ஏறிக்கொண்டே போகும். உச்சியில், ஒரு வார்த்தையின் பாதியில், டக்கென்று நின்றுவிடும். அவ்வளவுதான் பாட்டு. என் அப்பா போனதும் அப்படித்தான். களத்தில் உட்கார்ந்து மாட்டைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர், சொல்லி முடிக்காமலே சாய்ந்துவிட்டார். பாட்டு நிற்கும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதைத் தெரிந்துதான் பாடியிருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

திண்டிவனத்தில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவன் கேசட்டிலிருந்து என் போனில் பதிந்து வைத்திருந்த அந்தப் பாட்டு ஒலிப்பதைக் கேட்டு, தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டான். பெரும்பாலும் சின்னப் பசங்கள். சர்ச்சில் கிடார் வாசிக்கிறவன் ஒருவன், விழுப்புரத்தில் ஒரு காலேஜில் பாடம் நடத்தும் சார் ஒருவர், என் வயதில் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர். பாய் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் எதுவும் எழுத மாட்டேன். யார் என்ன சொன்னாலும் கட்டைவிரல் போடுவேன்.

பாடகர் இனி மேடை ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டதால், அவருடைய கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று ஒரு தொகுப்பு வந்தது. குரூப்பில் சண்டை பிடித்துக்கொண்டது. எந்தப் பாட்டைச் சேர்த்திருக்க வேண்டும், எதை விட்டிருக்க வேண்டும் என்று நாள் முழுக்கப் பேச்சு. தொகுப்பு கேட்கிறவன் ரசிகனே இல்லை, கல்யாணத்துக்கு வராமல் பந்திக்கு மட்டும் வருகிறவன் என்று ஒருவன் எழுதினான். பந்தி நன்றாக இருந்தால்தான் தாலி கட்டியதே ஞாபகம் இருக்கும் என்றான் சர்ச் தம்பி.

தொகுப்பில் என் பாட்டும் இருந்தது. போனில் போட்டுக் கேட்டேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மேலே போனது. எனக்குப் பொறுக்கவில்லை, அணைத்துவிட்டேன். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலில் பேசி அனுப்பினேன். இதை ஜனங்களுக்காக நீட்டியிருக்கிறார்கள், பழைய பாட்டு இப்படி இல்லை, என்னிடம் அந்தக் காலத்துக் கேசட் இருக்கிறது என்றேன். பேச்சு வேகத்தில் அப்பாவையும் சொல்லிவிட்டேன்.

கேலி செய்வார்கள் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். நடந்தது வேறு. சார் அதைப் பிடித்துக்கொண்டு நீளமாக எழுதினார். ஆரம்பத்தில் வந்த பதிப்பில் பாட்டு அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும், சாவை இதைவிட நேராக யாரும் பாடியதில்லை, நம் அண்ணனுக்குப் புரிந்தது கம்பெனிக்காரனுக்குப் புரியவில்லை என்று. பழைய பதிப்பிலும் பாட்டு நிற்காமல்தானே போகிறது என்று கேட்ட ஒரு பையனை எல்லாரும் சேர்ந்து வாயடைத்தார்கள். எல்லாரும் என்னை அண்ணே, அண்ணே என்றார்கள். அந்தச் சில நாள் வண்டியில் சத்தத்தைக் குறைக்கவே இல்லை.

கேசட்டைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடையில் கூடினோம். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாய் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய டேப் ரெக்கார்டரை எடுத்து வந்திருந்தார். பாட்டு ஓடியது. குரல் ஏறியது. நின்றது. கூடவே டேப் ரெக்கார்டரின் பட்டன் டக்கென்று தானாக மேலே எழும்பியது.

பசங்கள் கை தட்டினார்கள். அவர்கள் கேசட் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. சார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாய் மட்டும் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. பக்கத்தின் கடைசியில் டேப் மிச்சமிருந்தால் கடைக்காரர்கள் அதை வெறுமையாக விடமாட்டார்கள். டேப்பைக் குறைத்து ஏமாற்றிவிட்டான் என்று பதியக் கொடுத்தவன் சண்டைக்கு வருவான். அதனால் இன்னொரு பாட்டை ஏற்றுவார்கள். டேப் தீரும் இடத்தில் பாட்டும் அறுந்துபோகும். எத்தனையோ சினிமாப் பாட்டு எனக்கு அப்படி அறுந்திருக்கிறது. அதற்காக அதே கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டுகளை ரேடியோவில் முழுசாகக் கேட்டவன், அதனால் தெரிந்தது. இதை வேறு எங்கேயும் கேட்டதில்லை.

பாய் டீ வாங்குகிற சாக்கில் என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

"நான் எதுவும் சொல்லமாட்டேன்ணே. பசங்க சந்தோஷமா இருக்கானுங்க. வுட்டுடுங்க" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீ டம்ளரோடு திரும்பி வந்தால், சார் பசங்களுக்கு என் அப்பா செத்ததை விளக்கிக்கொண்டிருந்தார். களம், மாடு, பாதியில் நின்ற பேச்சு எல்லாவற்றையும் பாட்டோடு பொருத்திக் காட்டினார். என் அப்பாவை அந்த டீக்கடையில் நான்தான் கொண்டுவந்து படுக்க வைத்த மாதிரி இருந்தது.

"சார், டேப்பு தீந்துபோச்சி சார். அவ்ளோதான். பாட்டு முடியல" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினார். ஒரு பையன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சாரும் சிரித்தார், ஆனால் அவர் காது மடல் சிவந்திருந்தது. அப்படியும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறதென்று முதல் ஆளாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் குரூப்பில் சார் எழுதியது இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. என் குரலை நான் அழிக்கத் தேடினேன். எப்படி அழிப்பதென்று தெரியவில்லை. அது அங்கேயே இருக்கிறது. இப்போது யாராவது பாதியில் பேச்சை நிறுத்தினால், "இன்னாண்ணே, டேப்பு தீந்துபோச்சா" என்று பசங்கள் என்னை வம்புக்கு இழுப்பார்கள். நான் சிரிக்கிற பொம்மையைப் போடுவேன்.

டீக்கடைக்குப் போன மறுநாள் மூட்டையோடு போகும்போது, விக்கிரவாண்டி தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்திப் பாட்டை முழுசாகக் கேட்டேன். அவர் அந்த வார்த்தையை முடிக்கிறார். அப்புறம் கிடார் மட்டும் நெடுநேரம் அலைகிறது. பிறகு அவர் திரும்பி வந்து, முதலில் பாடியதையே தாழ்ந்த குரலில், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் பேசுகிற மாதிரி, இன்னொரு தரம் பாடுகிறார். திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

சாரிடம் இதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பாட்டு முடியும் முன்பே, அவருக்குத் தனியாகப் பேசி அனுப்பலாமென்று பட்டனை அழுத்தினேன். வாய் வரவில்லை. விரலை எடுத்ததும் அது அப்படியே சாருக்குப் போய்விட்டது. அதில் லாரிகள் போகும் சத்தமும் பாட்டின் கடைசித் துண்டும்தான் இருக்கும். கேட்டுவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. அவர் எழுதுகிறாரா என்று கமிட்டியில் மூட்டை இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.