பாதாளத்தின் வெள்ளை இடம்

அவளுக்குப் பாதாளம் என்று பெயர் வைத்தவன் தம்பிதான். தரைக்கு மேலே இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள், தரைக்குக் கீழே என்றால் காதைத் தீட்டிக்கொள்வாள். வேலை, மண் பரிசோதனை அலுவலகத்தில். நிலத்தில் ஆங்காங்கே துளை போட்டு, எந்த ஆழத்தில் களிமண், எந்த ஆழத்தில் பாறை என்று எண்கள் வரும். அந்த எண்களைப் படமாக்க அவளே ஒரு ப்ளகின் எழுதினாள். பெரிய மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன ஒட்டு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ எடுத்துக்கொண்டார்கள். குறை இருந்தால் அங்கேயே எழுதினார்கள். விடுமுறை நாளெல்லாம் அவர்களுக்குப் பதில் எழுதியே போகும்.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளருமாம்," என்பார் மாமியார், அழுகிற பேத்தியைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டபடி. "அது சரியான்னு பாக்கலாம், இந்தா."

தம்பி கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டும் இடத்தில் மேற்பார்வையாளர். அவனும் அந்தப் ப்ளகினைத்தான் பயன்படுத்தினான். ஒருநாள் சாப்பிட வந்தவன் குறைப்பட்டுக்கொண்டான்.

"அக்கா, ஒன் படத்துல நடுநடுவுல வெள்ளையா ஓட்டை விழுந்திருக்கு. என்னப்பா எலி கடிச்ச மாதிரி இருக்குன்னு எங்க பெரியவர் சிரிக்கறாரு."

துளை போடாத இடத்தை ப்ளகின் வெள்ளையாக விட்டுவிடும். அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பி முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அந்தப் பலவீனம். அடுத்த பதிப்பில் இரண்டு பக்கத்து மண் அடுக்குகளையும் நீட்டி நடுவில் இணைத்துவிட்டாள். அப்படி நிரப்பிய இடத்துக்கு நிறத்தையாவது வேறாகக் கொடுத்தாளா? அதுவும் இல்லை. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இவளும் மனம் குளிர்ந்துபோனாள்.

சில வாரம் கழித்து, ஒரு மதிய இடைவேளையில் தம்பியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சுரங்க அலுவலகச் சுவரில் அவள் ப்ளகின் வரைந்த படம், பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. 'நல்ல பாறைதான், சாப்பிட்டதும் தோண்டப் போறோம். பாதாளம் வாழ்க!'

சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். துளைகளைக் காட்டும் கருப்புக் கோடுகளில் இரண்டு வெகுதூரம் தள்ளித் தள்ளி நின்றன. நடுவே ஒரே சீராகப் பழுப்புப் பாறை. அங்கே யாரும் துளையே போடவில்லை. அந்தப் பாறை பூமியில் இருந்ததோ இல்லையோ, அவள் போட்ட கணக்கில் மட்டும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. இவள் ஒரு தெரு நீளத்துக்கு யாரும் பார்க்காத நிலத்தையே படத்தில் மறைத்திருந்தாள்.

அங்கே பாறை இல்லாமல் சேறாக இருந்தால், தோண்டுகிறவர்கள் மேலேயே சரியும். தம்பிக்குப் போன் அடித்தாள். தொடர்பு கிடைக்கவில்லை, கீழே இறங்கிவிட்டான். சுரங்க அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி டாக்சி பிடித்தாள். தம்பி மட்டுமா? இதே பதிப்பை நம்பி இன்னும் எத்தனை பேர், எந்தெந்தக் குழிக்குள்? டாக்சியிலிருந்தே ப்ளகினின் இணையப் பக்கத்தில் தட்டினாள்: 'புதிய பதிப்பைப் பயன்படுத்தாதீர்கள். காலி இடத்தை நானே நிரப்பிவிட்டேன். தவறு என்னுடையது.' சிக்னல் சிவப்பிலேயே நின்றது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

குழி வாயிலில், ஆட்களை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டுபவர் மறித்தார். "யாரும்மா நீங்க?"

"அந்தப் படம் போட்டவ. எல்லாரையும் மேல கூப்பிடுங்க. படம் தப்பு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே மணியை அடித்தார்.

ஆட்களோடு மேலே வந்த தம்பிக்கு முகம் சிவந்திருந்தது. "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காதக்கா. பாறைதானே காட்டுது?"

"பூமி காட்டலடா, நான் காட்டினேன். நீ வருத்தப்படறியேன்னு நானா பூசி விட்டேன். தோண்டறதுக்கு முன்னாடி கம்பி விட்டுப் பாருடா. ஒரே ஒரு தடவ."

முணுமுணுத்துக்கொண்டே தன் ஆளோடு இறங்கி, நீளத் துளைக்கம்பியை, தோண்டவிருந்த முன்சுவரில் விட்டான். முதலில் காய்ந்த தூள்தான் வந்ததாம். 'அக்கா பயந்தாங்கொள்ளி' என்று சிரித்தானாம். இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் கம்பி தானாக வழுக்கிப் போயிற்று. அது விட்ட துளை வழியே சேறும் தண்ணீரும் பீய்ச்சி அடித்தது. துளையை அடைத்துவிட்டு மேலே வந்தவன் தலைமுதல் கால்வரை சேறு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த பதிப்பில் வெள்ளை இடம் திரும்பி வந்தது. கூடவே குறைகளும் வந்தன: 'மறுபடி ஓட்டை, சரிசெய்யவும்.' முன்பென்றால் பக்கம் பக்கமாகச் சமாதானம் எழுதுவாள். இப்போது ஒரே வரி: 'அங்கே இன்னும் யாரும் துளை போட்டுப் பார்க்கவில்லை.'

சுரங்க அலுவலகச் சுவரில் புதுப் படம் ஏறியது. பெரியவர் முகம் சுளித்தாராம். "திரும்பவும் எலி கடிச்சிருக்கே, என்னப்பா இது?"

"எங்க அக்காவுக்குத் தெரியாத இடம் சார்," என்றானாம் தம்பி. "அத அவ வாயாலயே சொல்லிட்டா."