மணிக்கட்டுப் பட்டியும் மூன்று மாதமும்

யுத்த காலத்தில் கண்டியில் ஓர் அச்சகத்தில் கணினியில் தமிழ் தட்டுவது என் வேலை. ஒரு காலை, கெலிஓயாவிலிருந்து நான் வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கைப்பைக்குள் விட்ட விரல்களுக்கு அடையாள அட்டை தட்டுப்படவில்லை. அட்டை அங்கேதான் இருந்தது; தொட்டது எனக்குத் தெரியவில்லை. பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பையைக் கவிழ்த்துக் கொட்டித்தான் அட்டையை எடுத்தேன்.

மணிக்கட்டுச் சுரங்க நோய் (மணிக்கட்டின் ஒடுங்கிய வழியில் நரம்பு நெரிபடுவது) என்றார் மருத்துவர். அவர் யாழ்ப்பாணத்துப் பெண். உள்ளே தகடு வைத்த ஒரு பட்டியைத் தந்து, தூங்கும்போதும் கழற்றக் கூடாது என்றார். சரிவராவிட்டால் சத்திரசிகிச்சை. கை போனால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

அச்சக முதலாளியை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; பக்கத்து ஊர் மடவளைக்காரர், நல்ல மனுஷன். கைக்குப் போதாத என் குட்டி மவுஸைத் தூக்கிவிட்டு, மேலே பந்து வைத்த ‘ட்ரக்போல்’ மவுஸ் ஒன்றை எங்கேயோ தேடிக் கொண்டுவந்தார். அது பெருவிரலால் உருட்டுவது. இரண்டே நாளில் பெருவிரலும் வலித்தது. வாங்கும்போது உங்கள் கையை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் கையை நம்பாதீர்கள். பிறகு மாற்றி வாங்கிய, நடுவிரல்களால் உருட்டும் பெரிய பந்துதான் எனக்கு ஒத்துவந்தது.

விசைப்பலகை விஷயத்தில் தப்பு என்னுடையது. தட்டச்சு வகுப்பில் பழகிய கை, அடிமட்டம் வரை குத்தும். டக்கென்று சத்தம் கேட்கும் பழைய பாரப் பலகையை நானா தந்தார். சத்தம் வந்ததும் விரலை எடுத்துவிடலாம், எழுத்து விழுந்திருக்கும். அதைப் பழக ஒரு மாதம் எடுத்தது.

இவ்வளவும் செய்தும் கை தேறவில்லை. காரணம் எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை.

பட்டியோடு போன முதல் நாளே சாவடியில் என்னை இறக்கிவிட்டார்கள். தகடு என்ன, காயம் எங்கே, எந்தச் சண்டையில் பட்டது, யார் கட்டிவிட்டது என்று அரை மணித்தியாலம். பஸ் போய்விட்டது. பையில் வைத்தாலும் கேள்வி வரும் என்று அன்றிலிருந்து பட்டி அச்சக மேசை லாச்சியிலேயே கிடந்தது. வேலை நேரத்தில் மட்டும் கட்டினேன்; இரவில் வெறுங்கை. மருத்துவர் கேட்டபோதெல்லாம் கட்டுகிறேன் என்றேன்.

மூன்றாம் மாதம் என் பெருவிரலடிச் சதையை அவர் அமுக்கிப் பார்த்தார். அது வற்றியிருந்தது.

“நீங்கள் பட்டியைப் போடேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ.”

“போட்டா பஸ்ஸ விட்டு எறக்கிடுறாங்க டாக்டர். எனக்குப் பயமா இருக்கு.” அழுதுவிட்டேன்.

அவர் ஏசவில்லை. அலுமாரியிலிருந்து இன்னொரு பட்டியை எடுத்து, கிழித்துத் தகட்டை உருவினார். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகள் நாலைந்தை அடுக்கி அந்த இடத்தில் செருகித் தைத்தார்.

“இதை வீட்டிலை வையுங்கோ. மற்றதை வேலையிலை வையுங்கோ. கையிலை கொண்டு திரிய வேண்டாம். முதலே சொல்லியிருக்கலாம், பிள்ளை.”

அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வழி இருந்ததே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. வைத்தியரிடம் வலியை மட்டும் சொல்லாதீர்கள்; பயத்தையும் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை இல்லாமலே உணர்வு மெல்லத் திரும்பியது. வற்றிய சதை திரும்பவில்லை. யுத்தம் முடிந்து சாவடிகள் எல்லாம் எடுத்தாயிற்று. இன்றும் அதே வேலைதான், கொஞ்சம் மெதுவாக.

போன வாரம் என் மகள் அந்தப் பெருவிரலடிப் பள்ளத்தில் தன் விரலை வைத்து, இது என்னம்மா என்று கேட்டாள்.

“நான் வாயத் தொறக்காத மூணு மாசம்” என்றேன்.