தெற்குச் சுவரும் மூன்றாவது உருண்டையும்

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் நாங்கள் புது வீடு கட்டியபோது எனக்கு ஏழு வயது. அப்பா கட்டினார் என்று சொல்வதெல்லாம் வழக்கத்துக்காகத்தான். கட்டளை போட்டது அம்மாவின் அண்ணன், தளியிலிருந்து வந்த என் மாமா. கூரைக்கு வேண்டிய மரத்தையெல்லாம் அவர்தான் இரண்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கூடவே மனையடி சாஸ்திரமும் வந்து இறங்கிவிட்டது. வாசல் இரண்டு முறை இடம் மாறியது. கிணற்றுக்குக் குறித்த இடத்தில் மாட்டுக்கொட்டகை வந்தது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, சமையலறைக்கு ஒரு சன்னல். எதிரிலிருந்த பழைய வீட்டில் புகையிலேயே வெந்தவள் அவள். சிவப்புதான் அவள் கண்ணின் நிறம் என்று நான் நினைத்திருந்தேன். கிழக்கே பங்காளி வீட்டுச் சுவர் ஒட்டி நின்றதால் தெற்கு மட்டும்தான் மிச்சம். மாமா துள்ளிக் குதித்தார்.

"தெக்கால சன்னல் வெச்சா எமன் எட்டிப் பாப்பான்மா!"

"பாத்தா பாக்கட்டும்ணா. ஒரு உருண்டை களி போட்டு அனுப்பிடறேன். எனக்குப் பொகை போனாப் போதும்."

மாமா மசியவில்லை. மண்சுவர் சன்னலில்லாமலே எழும்பியது. அது இடுப்பளவுக்கு வந்த அன்று அம்மா என்னைத் தனியே அழைத்தாள்.

"ஆம்பளைங்க சாப்புட வரப்போ, தெக்குச் செவுத்து நடுவுல ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டு வா. அப்பத்தான் கெட்டியாவும். யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்."

ஊற்றினேன். அன்று மாமாவின் தட்டில் கேட்காமலே மூன்றாவது களி உருண்டையும் விழுந்தது. அவர் ஏப்பம் விட்டு எழுந்து வருவதற்குள் சுவரும் விழுந்திருந்தது.

கன்னடக்கார மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ தேவரே! நான் வெச்ச செவுரு ஒண்ணும் இப்டி உழுந்ததில்ல சாமி. ஏனோ தோஷ இதே, என்னமோ தோஷம் இருக்குது!"

மாமா எலுமிச்சை அறுத்தார், பூசணிக்காய் உடைத்தார். அப்பாவின் ஒரே நல்ல சட்டையை வைக்கோல் பொம்மைக்கு மாட்டிச் சுவரோரம் நிறுத்தினார். நானோ தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை நாலு குடம் ஊற்றினேன். அந்த முறை பொம்மையையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு சுவர் விழுந்தது.

மூன்றாம் முறை சுவர் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது; குடத்தோடு கல்மேல் ஏறி எம்பிக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்த அப்பா பின்னால் நின்றார்.

"அம்மாதாம்ப்பா ஊத்தச் சொல்லுச்சு. செவுரு கெட்டியாவணும்னு."

அப்பா குடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பழைய வீட்டுக் கூரையில் கசிந்த புகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "உனக்கு எட்டல, குடு" என்று குடத்தை வாங்கி அவரே ஊற்றினார். இன்னும் இரண்டு குடம் கொண்டுவந்தும் ஊற்றினார்.

விழுந்து கிடந்த சுவரை மாமா வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாப்ளே, அந்த எடத்துல செவுரு நிக்க மாட்டேங்குது. சன்னலையே வெச்சுத் தொலைங்க."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் ஓவென்று அழுதேன். அப்பாவே ஊற்றியும் சுவர் பிழைக்கவில்லையே! அப்பா என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். மாமாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சத்தம் வராமல் குலுங்கினார். என்னைவிட அவருக்குத்தான் துக்கம் அதிகம் என்று நினைத்து, அழாதீங்கப்பா என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.