சம்பந்திகள் திராட்சைச் சாறு குடித்த சனிக்கிழமை

இந்த வருடம் இந்த நாட்டின் தேசிய நாளான வைதாங்கி தினம் வெள்ளிக்கிழமையில் வந்ததால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. அதில் இரண்டு நாளை வைஹெக்கே தீவில் கழிப்பது என்று என் மகளும் அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பையனும் முடிவு செய்தார்கள். தீவு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போய் ஒயின் ருசி பார்ப்பதும், அலுத்தால் கடலில் கால் நனைப்பதும்தான் அங்கே போகிறவர்களுக்கு வேலை. பையனின் பெற்றோரும் நாங்களும் முதன்முதலாகச் சந்திக்க இவர்களுக்கு வேறு இடமே அகப்படவில்லை.

"தைப்பூசம் முடிஞ்சு தேய்பிறை. இதுல போயா சம்பந்தம் பேசுறது?" என்றாள் என் மனைவி.

"பேசப் போகலை, சுற்றுலா போறோம். சுற்றுலாவுக்கு வளர்பிறை தேய்பிறை கிடையாது" என்றேன். நாள் நட்சத்திர விஷயங்களில் மட்டும் வீட்டில் என் பேச்சு எடுபடும்.

உண்மையில் எனக்குப் பரம சந்தோஷம். நாங்கள் இருப்பது மாசி என்ற புறநகரில். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனாலே பழைய திராட்சைத் தோட்டங்கள் வந்துவிடும். மண்ணில் புதைந்த கவுரி மரப் பிசின் தோண்ட ஐரோப்பாவிலிருந்து வந்த டால்மேஷியர்கள் பிற்பாடு அந்தப் பக்கம் கொடி நட்ட கதையை, கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பேன். சில வெள்ளிக்கிழமைகள் சனிக்கிழமை வரை நீள்வதுண்டு.

சனிக்கிழமை காலை எங்கள் வேனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆறு பேரும் கிளம்பினோம். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது மகள் என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் டூ டேஸ். நோ ஒயின்."

விஷயம் இதுதான். பையனின் அம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அப்பா, "அவ ஓம் எண்டா எனக்கும் ஓம்" என்று ஒதுங்கிவிட்டாராம். அந்த அம்மாவுக்குக் குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வைப்பதில் விருப்பமில்லை.

"திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போய் லட்டு சாப்பிடாதேன்னு சொல்றியேம்மா!"

"இட்ஸ் ஃபார் த வியூ, அப்பா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோதுகூட அழாதவள். சரி என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

முதல் தோட்டம் மலைச்சரிவில் இருந்தது. கொடிகளுக்குப் பறவை வலை போர்த்தியிருந்தார்கள். உள்ளே காய் கறுக்கத் தொடங்கியிருந்தது. நீண்ட மேசையில் ஆளுக்கு நான்கு கிளாஸ் வைத்து, ஒரு பெண் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் உது தொடுறேல்லை" என்றார் பையனின் அப்பா.

"நானும் தொடுறதில்ல சார்" என்றேன் நான்.

எங்கள் இருவருக்கும் குழந்தைகளுக்கென்று வைத்திருந்த திராட்சைச் சாறு வந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடி ஓடுகளைப் பற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. தொடாதவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் ஊற்றிவிட்ட எங்கள் பங்கு எட்டு கிளாஸும் மேசையில் அப்படியே நின்றன. என் மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீந்த சாம்பாரைக்கூட மறுநாள் வேறு பெயரில் பரிமாறுகிறவள்.

"காசு கட்டினதுதானே? கொட்டிடுவாங்களா?"

"கொட்டத்தான் செய்வினம்" என்றார் பையனின் அம்மா. பிறகு அங்கிருந்த வாளியைக் காட்டி எதற்கென்று கேட்டார். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு என்று அந்தப் பெண் விளக்கினாள்.

"சீச்சீ! ஒராள் துப்பினதுக்கு மேல இன்னொராளோ? எச்சில்!"

ஆகவே விழுங்குவது ஒன்றுதான் ஆசாரமான வழி என்று இரண்டு பெண்களுக்கும் தோன்றிவிட்டது. முதலில் ஒரு சொட்டு. பிறகு வெள்ளைக்கும் சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சந்தேகம். பிறகு எங்கள் பங்கு.

"ஆம்பிளையள் தொடங்கினா நிப்பாட்டத் தெரியாது. நாங்கள் ருசி மட்டும்தானே பாக்கிறம், என்ன தங்கச்சி?"

"ஆமாக்கா. இதுல நாவப்பழ வாசனை வருது பாருங்க."

இரண்டாவது தோட்டத்தில் அவர்கள் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றாவது தோட்டத்தில், சீஸும் ஆலிவும் பரப்பிய பலகைக்கு முன்னால், பையனின் அம்மா என் மகளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"எனக்குச் சம்மதம். எங்கட மனிசனுக்கு ஒரு சோடி கிடைச்சிடுமோ எண்டுதான் இவ்வளவு நாளும் பயந்தனான். ரெண்டும் சேந்தா வீடு உருப்படுமே? நல்ல காலம், அண்ணை ஜூஸ் குடிக்கிற ஆள்."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி வழிந்தது. அந்த அம்மா சொன்னதை நான் மறுபடி ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். தொடுவதே இல்லை என்ற அவருடைய கணவருக்கு எதற்குச் சோடி?

குடிக்காதவர்கள் இருவரும் முன்சீட்டில். நான் வண்டி ஓட்டினேன். பின்னால் இரண்டு அம்மாக்களும் பழைய பாட்டு ஒன்றைப் பாதியில் மறந்து, முதலிலிருந்து பாடினார்கள்.

"அண்ணை," என்றார் பையனின் அப்பா மெல்ல, சாலையைப் பார்த்தபடி. "அந்த ஜூஸை நீங்கள் சுழட்டின சுழட்டு இருக்கே..."

"நீங்க அதை முகர்ந்து பார்த்ததை நானும் பார்த்தேன் சார்."

"அடுத்த தோட்டத்தில ஆப்பிள் ஜூஸை வெளிச்சத்தில தூக்கிப் பிடிச்சுக் கலர் வேற பாத்தனீங்கள்."

"உங்க வீட்டில..."

"பிளாக்ஹவுஸ் பேயில எங்கட கராஜுக்கு ஒருக்கா வாங்கோ. கடப்பாரை, மண்வெட்டிக்குப் பின்னால நல்ல சிராஸ் ஒயின் இருக்கு."

நாங்கள் எடுத்திருந்த வீடு கடற்கரைக்கு மேலே மேட்டில் இருந்தது. அம்மாக்கள் போய்ப் படுத்தார்கள். பிள்ளைகள் நீந்தப் போகிறோம் என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் சும்மா கடலைப் பார்த்தோம்.

"தேத்தண்ணிக்குப் பால் இல்லை" என்றார் அவர்.

"வாங்கிட்டு வந்துடலாமே" என்றேன்.

உள்ளேயிருந்து அரைத்தூக்கத்தில் அவர் மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேருமாப் போயிட்டு வாங்கோ. பொறுப்பான ஆக்கள்."

கடற்கரையில் டெய்ரி கடைக்கு முன்னாலேயே, வாசலில் மேசை போட்ட ஓர் உணவகம் இருந்தது. ஆளுக்கு ஒரு கிளாஸ் சிராஸ் வாங்கிக்கொண்டு இடம் தேடித் திரும்பினோம். மூலை மேசையில் பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. துண்டுகள் நனையவே இல்லை. நடுவில் ஒரு பாட்டில்.

பையன் துள்ளி எழுந்து தன் கிளாஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவன் அப்பாவும் அதே வேகத்தில் தன்னுடையதைச் சட்டைக்கு மறைவில் தள்ளினார். தகப்பன் முன்னால் மகனும் மகன் முன்னால் தகப்பனும் குடிக்காத குடும்பம் அது.

மகள் மேட்டு வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். மதியம் கிடைத்த சம்மதம் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா! யூ ப்ராமிஸ்ட்."

"அவங்கதான் சம்மதம் சொல்லிட்டாங்களேம்மா."

"டூ டேஸ்னு சொன்னேன்." கோபமாகத்தான் தொடங்கினாள். ஆனால் சட்டைக்குள் கிளாஸோடு நின்றவரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதுவரை அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள், நல்ல தமிழில், "மேட்டு வீடு தெரியாத பக்கமா உட்காருங்க. அவருக்கு முதுகைக் காட்டி. அவரும் உங்களுக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும்."

நாற்காலிகளைத் திருப்பிப் போட்டாள். தகப்பனும் மகனும் முதுகோடு முதுகு ஒட்ட உட்கார்ந்தார்கள். அவர் சட்டைக்குள்ளிருந்து கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை," என்றார் கடலைப் பார்த்து. "வீட்டை நடத்துவாள்."

"ஓம் அப்பா" என்றான் பின்னாலிருந்து மகன்.