நாலு வாள்வீரர்களும் ஒரு ரிக் லாரியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டர் கழுவுவது மயில்சாமியின் வேலையாகிவிட்டது. அந்த நேரத்தில் அவர் மனைவி வசந்தாமணி செல்போன் விளையாட்டில் கோட்டை பிடிக்கப் போயிருப்பாள்.

திருச்செங்கோட்டில் அவர்களுக்கு இரண்டு போர்வெல் ரிக் லாரிகள். டீசலும் உதிரிப்பாகமும் சம்பளமும் கல்யாணமான புதிதிலிருந்தே வசந்தாமணி கையில்தான். எந்த லாரிக்கு எந்த ஆள் என்பதை மட்டும் மயில்சாமிதான் சொல்வார். அவள் எத்தனையோ முறை கேட்டும் அந்த ஒன்றை விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த முறை துளை போடும் கெட்டிக்கார டிரில்லர்கள் நாலு பேரையும் ஒரே லாரியில் ஏற்றிச் சத்தீஸ்கருக்கு அனுப்பியிருந்தார். பைப் மாட்டும் ஆட்களைக் குறைத்தார். சமையல்கார அர்த்தநாரியையும் இறக்கிவிட்டார்.

"ஒரு அடிகூடத் தொளைக்காத ஆளுக்கு லாரில எதுக்கு எடம்? சோறு அவனவன் பொங்கிக்குவான்."

போன இடத்தில் வேலை நின்றது. நாலு பேருக்கும் இயந்திரத்தை ஓட்டும் லீவர்தான் வேண்டும். பைப்புக்குக் குனிய அவர்களில் ஒருவனும் தயாராக இல்லை. யார் பொங்குவது என்பதில் சட்டையே கிழிந்தது. ஊருக்கு வருகிறோம் என்று நாலு பேரும் தனித்தனியாகப் போன் போட்டார்கள்.

வசந்தாமணி விளையாட்டில் மருத்துவச்சி. வெட்ட மாட்டாள், குத்த மாட்டாள், விழுந்தவர்களை எழுப்பிவிடுவாள். கூட விளையாடும் குழுவின் தலைவி யாழினி, கெங்கவல்லியில் கல்லூரியில் படிக்கிற பெண். அன்றைக்கு அவள் ஆசைப்பட்டு எல்லோர் கையிலும் வாளைக் கொடுத்தாள். கோட்டை வாசலைக்கூடத் தாண்டவில்லை, மொத்தக் கூட்டமும் மண்ணில் கிடந்தது.

"அக்கா, நீங்க மருந்துக்கே போயிடுங்க. யார் அதிகமா வெட்டறாங்கன்னு பாத்தே ஆள் சேத்துட்டேன், என் தப்புதான்" என்றாள் யாழினி.

அடுத்த ஆட்டத்தில் கோட்டை விழுந்தது. வசந்தாமணி துள்ளி எழுந்து கிரைண்டரடிக்கு ஓடினாள்.

"ஏனுங்க மாமா! நம்ம லாரி ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சு போச்சுங்க!"

"உன்ற போன்ல சார்ஜ் தீந்து போச்சா?"

"நாலு பேரும் வாளத் தூக்கீட்டு நிக்கறானுங்க. மருந்து வெக்க ஆளில்லீங்க! அர்த்தநாரிய அனுப்போணும். ரண்டு டிரில்லர அடுத்த லாரிக்கு மாத்தோணும். பைப்பு மாட்டற ஆளு ஏறோணும்."

"பொம்மச் சண்டையப் பாத்து ரிக்கு ஓட்டப் போறியா? பூதம் வந்தா அதுக்கும் ஒரு ஆளப் போட்டுரு சாமி!"

அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் அர்த்தநாரியைப் போனில் பிடித்துவிட்டாள். கொள்ளுப்பருப்பு கடைந்து, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, கோபித்துக்கொண்டவனுக்கு முதல் கரண்டி ஊற்றுகிற மனிதர் அவர். அன்றைக்கே பைப் மாட்டும் ஆட்களோடு ஈரோட்டில் ரயில் ஏறினார்; அவள் சொன்னபடி இரண்டு டிரில்லர்கள் அடுத்த லாரிக்கு மாறினார்கள்.

அடுத்த வாரம் மத்தியானம், ஆபீஸ் அறையில் கணவனும் மனைவியும் இருக்கும்போது டிரில்லர் கோகுல்ராஜ் கூப்பிட்டான். வசந்தாமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! தண்ணி பீச்சியடிக்குதுங்க! ஊர்க்காரங்க எங்களத் தூக்கி வெச்சு ஆடறாங்க! நாளைக்கும் போர் போடப் பாயிண்ட் இருக்குதுங்க, நாங்க ஊருக்கு வாரதா இல்லீங்க!"

கம்ப்ரசர் இரைச்சலையும் மீறி, "சோறு ஆறுது, வாங்கடா!" என்று அர்த்தநாரி கத்துவது கேட்டது.

வசந்தாமணிக்கு உட்கார முடியவில்லை. மேசையை இரண்டு கையாலும் தட்டினாள்.

"கேட்டீங்களா மாமா? தண்ணி! இனிமே எந்த லாரிக்கு எந்த ஆளுன்னு நான் சொல்லட்டுங்களா?"

மயில்சாமி அந்தக் கேள்வி காதில் விழாதவர் போல மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனார்.