மூச்சுப் படாத பூ

எங்கள் மொட்டைமாடி நந்தியாவட்டைப் பூவுக்குள் ஒரு சிலந்தி குடியிருந்தது. பூவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. வெறும் கண்ணால் பார்த்தால் இதழில் ஒரு மடிப்பு என்று விட்டுவிடுவோம். செல்போனில் மாட்டுகிற சின்ன லென்ஸ் வழியாகப் பார்த்தபோதுதான் அந்த மடிப்புக்குக் கால்கள் இருப்பது தெரிந்தது. தேன் குடிக்க வந்த ஒரு குட்டித் தேனீயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. தேனீ கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டது, அப்புறம் ஓய்ந்துவிட்டது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு குச்சியால் விலக்கிவிடலாமே என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. சிலந்தியை உதறிவிட்டு, அந்தப் பூவைப் பறித்துக் கூடையில் போட்டேன். அன்றைக்கு அதுதான் எங்கள் பூஜை அறையில் அம்பாள் தலையில் ஏறியது.

பூவைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள்தான் பூ மாதிரி மனசு என்றெல்லாம் பேசுவார்கள். செம்பருத்தி மொட்டின் காம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாவுப்பூச்சி அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். அதன் பின்னாலேயே எறும்பு நின்று, அது கழிக்கிறதை நக்கிக்கொண்டிருக்கும். மொட்டு பேசாமல் இருவரையும் சுமந்துகொண்டு மறுநாள் மலரும். பார்க்கிறவர்கள் ஆஹா என்பார்கள். எனக்கு இதெல்லாம் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. வீட்டைப் பற்றியும் அப்போதுதான் தெரியவந்தது.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், மூன்றாவது மாடி. நான், என் கணவர், அவருடைய அக்கா, ஆக மூன்று பேர். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் கடைசிவரை அதிகாரம் செய்துவிட்டு, ஓய்வுபெற்றதும் அந்த அதிகாரத்தை மூட்டை கட்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த வாரத்திலேயே பூஜை அறை அவருக்கு, சமையலறை எனக்கு என்று யாரும் சொல்லாமலே பாகம் பிரிந்துவிட்டது. சமையலறை என்னிடம் இருக்கிறவரைக்கும் எனக்கும் வீட்டில் ஒரு குரல் இருந்தது.

சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. மோந்துவிட்டால் அது எச்சில். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் அக்காவிடம் இது சட்டம். அவர் வந்த புதிதில் ஒருநாள், கூடையிலிருந்து ஒரு மல்லி மொட்டை எடுத்து, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். கூடையோடு வாங்கிக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தார். "பகவானுக்கு முன்னாடி உனக்கு வேணுமோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் நான் மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றலாம், பறிக்கக் கூடாது.

பிறகு ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது. காபிப்பொடி டப்பாவைத் திறந்தால் வெறும் மண். கற்பூரம் வெறும் வெள்ளைக் கட்டி. என் உடம்பில் வேர்வை நாறுகிறதா என்று எனக்கே தெரியாமல், பயத்தில் இரண்டு வேளை குளித்தேன். நாக்கில் உப்பு, புளிப்பு, காரம் இருந்தது. மற்றதெல்லாம் போச்சு.

பால் இரண்டு தடவை அடிப்பிடித்தது. ஒரு சாயங்காலம் ஜன்னல் காற்றில் அடுப்பு அணைந்துபோய் கேஸ் வந்துகொண்டேயிருக்க, நான் பக்கத்திலேயே நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஹாலிலிருந்து ஓடிவந்து அடைத்தார். "ஆத்தையே கொளுத்தப் பாத்தியேடி" என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை நான் சமையலறைக்குப் போனபோது அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். "இனிமே அடுப்பு என்கிட்ட இருக்கட்டும். நீ ரெஸ்ட் எடு" என்றார். கணவரைப் பார்த்தேன். "அக்கா சொல்றது சரிதானே" என்று பேப்பரைத் திருப்பினார். மூக்கு வந்தால் சமையலறை திரும்ப எனக்கு என்று நானே மனசுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

பதிலுக்கு எனக்குப் பூக்கூடை கிடைத்தது. "மூக்குதான் செத்துப்போச்சே, இனிமே நீயே புஷ்பம் பறி. உன்னைவிட மடியா யார் இருக்கா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அவர் சிரித்ததைவிட நான் சிரித்ததுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த லென்ஸை தி.நகர் ரங்கநாதன் தெருவில் பிளாட்பாரத்தில் வாங்கினேன். எவர்சில்வர் தூக்கு வாங்கப் போன இடத்தில் ஒருவர் துணி விரித்து விற்றுக்கொண்டிருந்தார். "கொசு கால்ல கீற முடி கூட தெரியும்மா, மாட்டிப் பாரு" என்றார். பூவை மோந்துதான் பார்க்க முடியாது, பார்த்தாவது வைக்கலாம் என்று வாங்கிவந்தேன். வாசனை போன இடத்தில் கண் பிசாசு மாதிரி பசியெடுத்துக் கிடந்தது.

கிட்டத்தில் பூவைப் படமெடுக்க முதலில் மூச்சை அடக்கப் பழக வேண்டும். லென்ஸை இதழுக்கு இரண்டு விரல் தூரத்தில் வைக்கிறோம். மூச்சு விட்டால் இதழ் ஆடிப் படம் கலங்கும், கண்ணாடியில் ஆவி படியும். மாடிக்கு வந்து பார்த்த அக்காவும் அதையே வேறு காரணத்துக்குச் சொன்னார். "எடுத்துக்கோ. ஆனா மூச்சுக்காத்து படப்படாது." அப்படித்தான் எடுத்தேன். அக்கா அந்தப் படங்களை வாங்கிக் குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் போட ஆரம்பித்தார். 'இன்றைய புஷ்பம்' என்று தலைப்பு. அடையாறு மன்னி, பெங்களூர்ச் சித்தப்பா, அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் அக்காவைக் கும்பிட்டுக் கைகூப்பு அனுப்புவார்கள். எடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடையாறில் ஒரு காது மூக்கு டாக்டரிடம் கணவர் கூட்டிப்போனார். "வந்தாலும் வரலாம். வரும்போது நல்லதே நாத்தமாத் தெரியலாம், சில பேருக்கு அப்படி ஆகும். பயப்படாதீங்க" என்றார் டாக்டர். இதைக் கணவர் வீட்டுக்கு வந்து அக்காவிடம் வரி விடாமல் ஒப்பித்தார். அன்றிலிருந்து காலையில் நான் கூடையை நீட்டும்போதெல்லாம் அக்கா கேட்பார்: "வாசனை ஏதாவது தெரியறதா?" நான் "இல்லக்கா" என்பேன். அவர் கூடையை வாங்கிக்கொள்வார்.

வீட்டுக்கு யாராவது வந்தால் நான்தான் வேடிக்கை. "பெருங்காயமும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான் இவளுக்கு" என்பார் அக்கா. வந்தவர்கள் சிரிப்பார்கள். கணவரும் சிரிப்பார். ஒருநாள் குளத்தங்கரைப் பக்கம் ஒரு பூக்காரம்மாவின் தட்டில் மருக்கொழுந்து குவிந்திருந்தது. குனிந்து படமெடுக்கப் போனேன். "இன்னாம்மா, மூக்கக் கொண்டாந்து வெக்கிற, சாமிக்குப் போற பூவு" என்று தட்டை இழுத்துக்கொண்டாள். "எனக்கு வாசனையே தெரியாதும்மா" என்றேன். "தெர்லன்னா அப்பால இன்னாத்துக்குக் கிட்ட வர்ற?" என்றாள்.  ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றுக்கு மட்டும் அக்காவை நான் மெச்சிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு அடிக்கடி சரியில்லாமல் போயிற்று. எதைச் சாப்பிட்டாலும் லேசாகப் புளித்தது. உடம்புக்கு வந்ததன் மிச்சம் என்று நினைத்தேன். அக்கா எனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக எடுத்துவைப்பார். "உனக்குக் காரம் கம்மியா வெச்சிருக்கேன்" என்பார். வாய் எப்படியிருந்தாலும் மனசு நல்லது, எனக்குத் தனியாகச் சமைக்கிறார் பாருங்கள் என்று அடையாறு மன்னியிடம் போனில் சொன்னேன். 

அப்படி ஒரு மத்தியானம். அக்கா பரிமாறிவிட்டு, மூட்டுவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நானும் கணவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். பூசணிக்காய்க் கூட்டு. சாதத்தில் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறேன், மூக்கில் ஏதோ இடித்தது. வாளியில் நனைத்து மறந்துபோன துணியின் நாற்றம். எவ்வளவு காலமாயிற்று ஒரு நாற்றம் வந்து. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். கை பிசைந்தது பிசைந்தபடி இருக்க, அந்த நாற்றத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

"ஏன்னா, எனக்கு வாசனை வரது" என்றேன். "என்னமோ ஊசிப்போன வாசனை."

"டாக்டர் சொன்னாரே, அதான் இது. நல்லதே அப்படித்தான் தெரியும்" என்றார். நான் சொல்லி முடிக்குமுன்பே பதில் வந்துவிட்டது. அவர் சாதாரணமாக எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறவர் இல்லை.

நான் எட்டி அவர் தட்டை இழுத்தேன். குனிந்தேன். பெருங்காயம், கறிவேப்பிலை, அரைத்த தேங்காய், நெய். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து நின்றது. அவர் தட்டிலும் பூசணிக்காய்க் கூட்டுதான். திரும்ப என் தட்டைப் பார்த்துக் குனிந்தேன். அதே நனைந்த துணி. மூக்கு பொய் சொல்லவில்லை.

"ரெண்டும் வேற வேற" என்றேன்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கெட்டதெல்லாம் இல்ல. நேத்திக்குப் பண்ணினது. தூக்கிக் கொட்ட அக்காவுக்கு மனசு வரல. உனக்குத்தான் தெரியாதேன்னு..."

"நேத்திக்கு அக்கா அவரைக்காய்தானே பண்ணினா."

அவர் மோர்ப் பாத்திரத்தைக் கிட்டே இழுத்தார்.

"எப்பலேர்ந்து?"

"உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். "அக்காகிட்ட இதையெல்லாம் கேட்டுண்டு நிக்காதே. அவளுக்கு பிபி ஏறிடும்."

ராத்திரியும் பகலும் பக்கத்தில் இருக்கிற மனுஷன். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது ஓம வாட்டர் கலந்து கொடுத்ததும் இவர்தான். என் தட்டில் என்ன விழுகிறது என்று தெரிந்தே எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அக்காமேல் எனக்கு வந்த கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும். இவர்மேல் வந்ததற்குக் கோபம் என்ற வார்த்தை போதாது. அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

"கேக்கல" என்றேன்.

அவருக்கு நிம்மதி. மோர் விட்டுக்கொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். நான் என் தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கையை மோந்து பார்த்தேன். சோப்பு போட்டுக் கழுவினேன், மறுபடி மோந்தேன். சோப்பு மணத்தது. போய்ச் சொன்னால் சமையலறை எனக்குத் திரும்பிவரும் என்று தெரியும். போகவில்லை. அழக்கூட இல்லை, படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே மல்லி வந்து முகத்தில் அடித்தது. தொட்டியில் மல்லி நிறையப் பூத்திருந்தது. கீழே, பக்கத்து வீட்டுப் பவழமல்லியின் வாசனைகூட ஏறி வந்தது. முதலில் வழக்கம்போல லென்ஸை மாட்டினேன். ஒரு மல்லியைத் தேர்ந்தெடுத்துக் கிட்டத்தில் போனேன். இந்தத் தடவை மூச்சை அடக்கவில்லை. நன்றாக இழுத்து, நன்றாக விட்டேன். படம் விழுந்தது. அப்புறம் லென்ஸைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பூவாகப் பறித்தேன், ஒவ்வொன்றையும் மூக்கில் அழுத்தி ஆசைதீர மோந்தேன், அப்புறம் கூடையில் போட்டேன். வாசனையே இல்லாத செம்பருத்தியையும் விடவில்லை. மூக்கு நுனியெல்லாம் மகரந்தம். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

அக்கா குளித்து, ஈரத்தலையோடு பூஜை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணவரும் பக்கத்தில் நின்றார். கூடையை நீட்டினேன்.

"வாசனை ஏதாவது தெரியறதா?" என்றார் அக்கா.

கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணும் தெரியல."

அக்கா கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு பூ அம்பாள் காலில் விழுந்தது. கணவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பூ ஆகாது என்று அவர் சொல்ல வேண்டுமானால், எனக்கு மூக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என்ன வாசனையில் வந்தது என்று சொல்ல வேண்டும்.  அக்கா அர்ச்சனை முடித்து அம்பாள் காலிலிருந்து ஒரு மல்லியை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா எனக்கும் ஒன்று கொடுத்தார், நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் அக்கா என் போனைக் கேட்டு வாங்கி, அன்றைய படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். மல்லியைச் சுற்றி ஓரமெல்லாம் வெள்ளையாக மங்கியிருந்தது. "ஏண்டி, இன்னிக்கு இப்படிப் புகைஞ்சிருக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடையாறு மன்னி எழுதிவிட்டார். காலைப் பனியோடு எடுத்திருக்கிறாய், இதுவரை போட்டதிலேயே இதுதான் அழகு என்று.

அக்கா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மயிலாப்பூரில் அன்றைக்குப் பனியே இல்லை.