வாய் திறவாமல் குட்மேய்ஸ் வரை

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, கென்ட், சசெக்ஸ் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் ஐந்து நாள் பயணம் ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். போகும் தோட்டமெல்லாம் வைன் சுவைத்துப் பார்க்கலாம். இரவில் பக்கத்து ஊர் விடுதியில் தங்கலாம். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் காரை யாராவது ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. நான் அப்போது வைன் பற்றிய நாலாவது புத்தகத்தில் இருந்தேன்.

நாலாம் நாள் நிலவரம் இது. நாலு புத்தகம் படித்த நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அதுவரை அலுவலக விருந்துகளில் தோடம்பழச் சாறு மட்டும் குடித்துவந்த என் மனைவி இருபது வகைக்கு மேல் பார்த்துவிட்டாள்.

சுவைத்துவிட்டுத் துப்பலாம், அதற்கென்று வாளி வைத்திருக்கிறார்கள், வல்லுநர்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. முதல் நாள் துப்பிப் பார்த்தேன். பாதி வாளிக்குப் போனது, மீதி என் வெள்ளைச் சேட்டில் விழுந்தது. "வெத்திலை போட்டுட்டு வந்த ஆள் மாதிரி இருக்கிறியள்," என்றாள். அதன்பிறகு நான் வாளிப் பக்கம் போகவில்லை.

அவளுக்குக் கார் ஓடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பிளேஸ்டோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தினமும் இதே காரைத் தானே ஓடித்தான் போய்வருகிறாள். ஆனால் நான் பக்கத்தில் இருந்தால் ஓடமாட்டாள். இருபது வருடத்துக்கு முன் இல்ஃபோர்டில் ஒரு மாடிக் கார் தரிப்பிடத்தில் அவள் காரை வளைக்கும்போது நான் "பிறேக், பிறேக், பிறேக்" என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை சொல்வதற்குப் பதிலாகக் கையை நீட்டிக் கைப்பிறேக்கை நானே இழுத்துவிட்டேன். அவள் கார்த் திறப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கி, அதைக் காரின் மூக்கில் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். அதிலிருந்து இருவரும் போகும் பயணமென்றால் நான்தான் சாரதி.

நாலாம் நாள் மத்தியானம் தோட்டத்தைச் சுற்றிக்காட்டிய ஆங்கிலப் பெண் ஒரு சிவப்பு வைனை ஊற்றிவிட்டு, ஈரக் கல்லும் காட்டுப் பழமும் மணக்கிறதா என்று கேட்டாள். என் மனைவி ஒரு மிடறு வாங்கி, கண்ணை மூடி, "மாம்பழத் தோலைச் சப்பினால் கடைசியில் வரும் கயர்ப்பு," என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். அந்தப் பெண் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தேன். புத்தகத்தில் மாம்பழத் தோல் இல்லை.

அன்று பின்னேரம் விடுதியில் மெல்ல ஆரம்பித்தேன்.

"நாளைக்குக் கடைசித் தோட்டம்."

"ஓம்."

"நுரை வைனுக்குப் பேர்போன இடமாம். அதைப் பற்றி ஒரு முழு அதிகாரம் வாசிச்சனான்."

"வாசிச்சதை எனக்குச் சொல்லுங்கோ. நான் குடிச்சுப்போட்டுச் சரியோ எண்டு சொல்லுறன்."

"இல்லை, நாளைக்கு நீர் காரை ஓடினால்…"

தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீங்கள் பக்கத்திலை இருப்பியளோ?"

"வேறை எங்கை இருக்கிறது? டிக்கியிலையோ?"

"அது நல்ல யோசினை," என்றாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். கார் வெளிக்கிட்டதிலிருந்து குட்மேய்ஸில் எங்கள் வீட்டு வாசல் வரை நான் ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் அந்த இடத்திலேயே காரை நிறுத்திவிட்டு ரயில் பிடிப்பாள். குடித்த நான் காரோடு அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"எட்டு வருசமாய் இந்தக் காரிலை ஒரு கீறல் இல்லை. அதுக்குத்தான் பயப்பிடுறன்," என்றேன்.

அது முழு உண்மையல்ல. பின் இடது கதவில் ஒரு கீறல் இருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் கோயிலுக்குப் போன ஒரு ஞாயிறு, அதே நிறப் பூச்சு வாங்கி வந்து, சின்னத் தூரிகையால் மறைத்துவிட்டேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டதால், ஐந்தாம் நாள் அவளுக்குத் தண்ணீரும் எனக்கு என் கோப்பையும் வந்தன. உயரமான, மெல்லிய கோப்பை. குமிழிகள் நூல் பிடித்தாற்போல் மேலே ஏறின. புத்தகத்தில் சொன்னபடி சரித்தேன், மணந்து பார்த்தேன், உறிஞ்சினேன். குளிராக இருந்தது. புளித்தது. புத்தகம் சொன்ன, அப்போதுதான் சுட்ட பாணின் மணமோ பச்சை அப்பிளின் சுவையோ வரும் என்று காத்திருந்தேன். ஒரு ஏப்பம் வந்தது.

"எப்பிடி?" என்றாள்.

"நல்லாயிருக்கு."

"அவ்வளவுதானோ? நாலு புத்தகம் படிச்சனீங்கள்."

கார் தரிப்பிடத்துக்கு வந்ததும் அவள் டிக்கியைத் திறந்து தேசிக்காய்ப் பையை எடுத்தாள். வளைவுப் பாதைகளில் தலை சுற்றினால் மணப்பதற்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சைகள், ஐந்து மிஞ்சியிருந்தன. நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்று வைத்தாள். வழியனுப்ப வந்த தோட்டக்காரர் ஏதாவது கோளாறா என்று கேட்டார். நல்ல பயணத்துக்கான சடங்கு என்று அவள் சொன்னாள்.

"அது புதுக் காருக்கெல்லோ வைக்கிறது?" என்றேன்.

"கார் பழசு. பக்கத்திலை இருக்கிறவர் புதுசு." ஐந்தாவது தேசிக்காயை என் கையில் வைத்தாள். "இதை மணந்துகொண்டு இருங்கோ."

நாலும் நசிந்தன. என் வாய் மூடியது.

கென்டின் ஒடுங்கிய பாதையில் எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்தது. என் பக்கத்தில் பிறேக் இல்லாததால் தரைக் கம்பளத்தை மிதித்தேன். நெடுஞ்சாலையில் அவள் ஒரு லொறியை முந்தினாள். கம்பளத்தை மிதித்தேன். ஆற்றுக்குக் கீழே ஓடும் டார்ட்போர்ட் சுரங்கத்துக்குள் போகும்போது, எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் மனதுக்குள் ஓடியது. இரண்டாம் வரி ஒன்றுக்கும் வரவில்லை.

சுரங்கம் தாண்டியதும் எங்கள் வீட்டுப் பக்கம் போகும் ஏ 13 சாலை பிரியும். இருபது வருடமாக நான் திரும்பும் இடம். பலகை தூரத்தில் தெரிந்தது. அவள் சமிக்ஞை போடவில்லை. பலகை பெரிதானது. நான் அவளைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், இருமினேன். இருமல் சொல்லல்ல என்பது என் வாதம்.

"இருமலுக்குத் தேசிக்காய் நல்லது," என்றாள்.

பலகை பின்னால் போனது. எங்கள் வீடு பின்னால் போகிறது என்று எனக்குத் தோன்றியது. என் கையில் இருந்த தேசிக்காய் வெடித்து, சாறு மணிக்கட்டு வழியாகச் சேட்டுக் கைக்குள் இறங்கியது.

அடுத்த பிரிவில் மெத்தெனத் திரும்பினாள். "ஏ 127. இந்த நேரத்திலை ஏ 13 முட்டிப்போய் நிக்கும்," என்றாள். "ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை தங்கச்சி வீட்டை, பேசில்டனுக்கு, இதாலைதான் போய்வாறனான்."

ரயிலில் போகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமைகளில் நான் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் சங்க யாப்பின் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். கார் எங்கே நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க நூறு கேள்வி இருந்தது. கேட்க முடியாது.

அவளும் அதை நன்றாக உணர்ந்திருந்தாள். "இன்னொண்டு," என்றாள், ஓரக் கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்தப் பின்கதவுக் கீறல். தங்கச்சி வீட்டுக் கேற்றிலை உரசினது. சொல்லுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ளை நீங்களே பூசிப்போட்டியள்."

ரொம்ஃபோர்ட் தாண்டினோம். கடைகளின் தமிழ்ப் பலகைகள் வந்தன. எங்கள் தெருவில் ஒரு வானுக்கும் பக்கத்து வீட்டுக் காருக்கும் இடையில், நான் எப்போதும் மூன்று முறை முன்பின் போகும் இடத்தில், அவள் ஒரே தடவையில் காரை விட்டாள். இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இப்ப கதைக்கலாம்."

இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுதான் முன்னால் வந்தது.

"அந்தக் கீறல்," என்றேன். "உண்மையிலை நீரோ போட்டது?"

"ஓம். ஆனால் அவ்வளவு வடிவாய்ப் பூச எனக்கு ஏலாது." வாங்கிவந்த போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "அடுத்த மாதம் பேசில்டனுக்கு நீங்களும் வாங்கோ. ஒரு தேசிக்காய் கொண்டுவாறன்."

நானும் இறங்கப் பார்த்தேன். வலது கால் இன்னும் கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.